பதினோரு நாள் பழைய தண்ணீர்

ஆவணி 1, காலை 6:10

வரத்து சீர். குளத்து மட்டம் கம்பத்தில் நாலாவது கோடு. தண்ணீர்ச் சூடு பதினெட்டு. அபாய எண் 0.31. தெள்ளு இருபதுக்கு இருபது.

இதை எடுத்துப் பார்க்கப் போகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் பேர் சண்முகக்கனி. செவ்வாய்க் கிரகத்தில், செங்கரை ஊரிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, பாறைக்கு அடியில் இருக்கிற கடைக்குளத்துக்கு நான்தான் காவல். இங்கே வேறு ஆள் கிடையாது. எனக்கு எழுதத் தெரியாது. வாயால் சொல்வதைச் சுவரில் இருக்கிற பெட்டி எழுதிக்கொள்கிறது. நான் எப்படிச் சொன்னாலும் புத்தகத்தில் வருகிற மாதிரித் திருத்திவிடுமாம். அடுத்தவர் பேச்சை மட்டும் அப்படியே விட்டுவிடும். ஊரில் வயர்லைன் பார்க்கிற இசக்கிமுத்து சொன்னது இது.

செங்கரையில் குளித்த, துவைத்த, பாத்திரம் விளக்கிய, கக்கூசு கழுவிய தண்ணீர் எல்லாம் அங்கே நாலு தொட்டியில் விழும். தொட்டியில் இருக்கிற கிருமிகள் அழுக்கைத் தின்னும். தெளிந்த தண்ணீர் குழாயில் இறங்கி இங்கே வரும். சரிவு கொஞ்சம்தான் என்பதால் பதினோரு நாள் எடுக்கும். குளம் முழுக்கப் பாசி. பாசி விடுகிற காற்றை ஊதி ஊருக்கு அனுப்புகிறோம். மூவாயிரம் பேர் மூச்சு விடுவது அதைத்தான்.

பாசி மிஞ்சினால் அதுவே அழுகும், அழுகினால் காற்று போச்சு. மிஞ்சாமல் தின்று வைப்பது நீர்த்தெள்ளு. கடுகில் பாதிகூட இருக்காது. உடம்பு கண்ணாடி மாதிரி. முதுகில் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு தத்தித் தத்திப் போகும். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஓடுகிற குஞ்சுகளின் கண்கூடத் தெரியும். முதல் தடவை பார்த்தபோது, இவ்வளவு சிறிய உயிருக்குள்ளும் ஒரு பிரசவ வார்டு இருக்கிறதே என்று வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன்.

சோப்பு, ஷாம்பு, தலைச்சாயம், தரைகழுவி என்று வீட்டுச் சாமானில் இருக்கிற பத்தொன்பது மருந்து தண்ணீரில் எவ்வளவு மிச்சம் என்று பெட்டி பார்க்கும். தாங்குகிற அளவோடு ஒப்பிட்டு ஒரு எண் சொல்லும். ஒன்றுக்குக் கீழே இருந்தால் பயமில்லை. தெள்ளு எண்ணுவது சட்டத்தில் இல்லை, அது என் பழக்கம். வரத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் மொண்டு, இருபது தெள்ளை விட்டு, மறுநாள் எத்தனை தத்துகிறது என்று எண்ணுவேன்.

இன்று எல்லாம் தத்துகிறது.

ஆவணி 3, மாலை 5:00

வரத்து சீர். நாலாவது கோடு. தெள்ளு இருபது.

இன்று வந்த தண்ணீரில் சீயக்காய் வாசம். பதினோரு நாள் முன்னால் ஊரில் வெள்ளிக்கிழமை. சுத்தப்படுத்தின தண்ணீரில் வாசம் வராது என்பார்கள். வரும். மூக்கு வேண்டும், வேறு வேலை இல்லாமல் இருக்க வேண்டும். கல்யாணம் நடந்தால் மஞ்சள், பரீட்சைக் காலத்தில் காப்பி. சாவு வீடு ஆனால் ஒரு தெருவே தலைமுழுகின சோப்பு. யார் செத்தது என்று அதற்குள் இசக்கி சொல்லியிருப்பான். இருந்தாலும் எனக்குத் தண்ணீர் வந்த அன்றுதான் துக்கம்.

மகள் வடிவு வயர்லைனில் பேசினாள். புதுத் தெருவில் அவளுக்கு வீடு ஒதுக்கிவிட்டார்கள். நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே முகூர்த்தம், ஆவணி 6 காலையில் பால்காய்ச்சு. வேறு நாள் வைத்தால் என்ன என்று கேட்டேன்.

"அந்த முகூர்த்தத்த விட்டா ஆவணியில நல்ல நாளு ஒண்ணுதாம்மா இருக்கு. அது மேலத் தெருக்காரவ கேட்டுருக்காவ. நாங்க ஏன் விட்டுக்குடுக்கணும்?"

நான் வர முடியாது என்பது அவளுக்கும் தெரியும். ஊரிலிருந்து வந்து போகிற தண்டவாள வண்டி இனிமேல் புரட்டாசி பாதியில்தான். வேறு என்னவோ பேசி வைத்துவிட்டோம்.

ஆவணி 6, காலை 8:20

தெள்ளு இருபது. எண் அதே 0.31. எண் மாதத்துக்கு ஒரு தடவைதான் மாறும். அதை அப்புறம் சொல்கிறேன்.

காலையில் இசக்கி கூப்பிட்டான். அவன் என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட தம்பி, அதனால் வாய் கொஞ்சம் நீளம்.

"மயினி, இருக்கீயளா? ஒங்க மக வீட்டுப் பாலு பொங்கிக் கெழக்க வழிஞ்சிட்டு. கெழக்கு எதுன்னு சம்பந்தகாரவளுக்குள்ள அரைமணி நேரம் சண்டை. சூரியன வச்சுப் பாக்கவா, ஊரு மேப்ப வச்சுப் பாக்கவான்னு. பாலுக்கு என்ன தெரியும், அது பாட்டுக்கு வழிஞ்சிட்டு."

பிறகு வயர்லைனில் வடிவு வந்தாள். புது வீட்டுச் சுவரெல்லாம் இயந்திரத்தில் அச்சடித்த கல், ஒரே மாவுத் தூசி. அதைக் கழுவக் குடியிருப்புக் கமிட்டி வீட்டுக்கு ஒரு பெரிய கேன் புதுத் தரைகழுவி கொடுத்திருக்கிறது.

"மூணு தடவ ஊத்திக் கழுவுனோம்மா. கேனு காலி. எல்லா வீட்டுலயும் அப்படித்தான். தரையில மொகம் பாக்கலாம். தெருவே எலுமிச்சம்பழ வாசம்."

சந்தோஷமாக இருந்தாள். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். டம்ளரில் பால்பொடி கரைத்துக் காய்ச்சினேன். அது பொங்கவில்லை, அடிப்பிடித்தது.

டம்ளரைக் கழுவிவிட்டு உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது. நானூற்றுப் பன்னிரண்டு கேன், ஒரே காலையில். ஆறும் பதினொன்றும் பதினேழு.

ஆவணி 8, பகல் 11:30

தெள்ளு இருபது.

எண் ஏன் மாதத்துக்கு ஒரு தடவை மாறுகிறது என்றால், பெட்டி தினமும் ஒரு முழுங்கு தண்ணீர் எடுத்து ஒரே ஜாடியில் ஊற்றி வைக்கும். முப்பது முழுங்கையும் கலக்கி, அந்தக் கலவையைத்தான் சோதிக்கும். ஒரு நாளில் விஷமே வந்தாலும் மற்ற இருபத்தொன்பது நாள் அதை மூடி மறைத்துவிடும். போன தீபாவளிக்குப் பதினோராம் நாள் என் பாட்டிலில் எட்டுத் தெள்ளுதான் தத்தியது. பன்னிரண்டு அடியில் கிடந்தது. அந்த மாத எண் 0.38. பாட்டில் சூடாகியிருக்கும் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள்.

இன்று அதையும் புதுத் தெருக் கேன்களையும் இசக்கியிடம் சொல்லி, தண்ணீர் அலுவலகத்துப் பொறியாளர் தேவசகாயத்திடம் கேட்கச் சொன்னேன். தங்கமான மனுஷன், எழுந்து வந்து அவரே பேசினார். முப்பது பேருக்கு வைத்த குழம்பில் ஒரு கை உப்பு சரிதான், அதே உப்பை ஒருத்தன் இலையில் கொட்டினால் அவன் சாப்பிடுவானா என்று கேட்டேன். சிரித்தார். சிரித்துவிட்டுக் கணக்குப் பார்த்தார்.

"அம்மா, எல்லா வீட்டையும் சேத்தாலும் மாசக் கலவை 0.44 தாண்டாது. நீங்க குளத்துக்குத் தண்ணி வர்ற ஷட்டரத் தொட்டு மட்டம் ரெண்டு கோடு எறங்கிச்சுன்னா, அதுக்குத்தான் நான் பயப்படணும். ஒரு செத்த பூச்சியக் காட்டுங்க, அன்னைக்கே நான் கமிட்டியில பேசுதேன்."

நியாயமாகத்தான் பேசினார். ஆனால் பூச்சி செத்த பிறகு பேசி என்ன?

ஆவணி 11, காலை 7:00

இசக்கி சும்மா பேசக் கூப்பிட்டான். நாலு தொட்டியில் இரண்டில் நாற்றம் மாறியிருக்கிறதாம். அழுகல் வாசமே இல்லையாம், நல்ல வாசம் வருகிறதாம். அழுக்குத் தொட்டியில் நல்ல வாசம் வந்தால், அழுக்கைத் தின்கிற கிருமி செத்துவிட்டது என்று அர்த்தம்.

ஆவணி 14, மாலை 4:40

தெள்ளு இருபது. கிளம்பியது இன்னும் மூன்று நாளில் வரும்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் புரியாது. குழாய் வாயில் இரண்டு ஷட்டர். ஒன்று குளத்துக்குத் திறக்கும். இன்னொன்று பழைய கிடங்குக்கு. கிடங்கு இரண்டு நாள் வரத்தைப் பிடிக்கும். அதற்குப் பேர்தான் கிடங்கு, உண்மையில் என் வீடு அதுதான். என் கட்டில், அடுப்பு, சுவர்ப்பெட்டி, வயர்லைன், தண்டவாள வண்டி வந்து நிற்கிற வாசல், எல்லாம் அதற்குள். உள்ளே தண்ணீர் விட்டால் வடிக்க ஊரிலிருந்து பம்பு வர வேண்டும். குளத்து எதிர்க்கரையில் ஒரு கருவிக் குடில் இருக்கிறது. குளத்து விளக்குகளுக்குப் போகிற கரண்ட் அந்தப் பக்கம்தான். படுக்க இடம் உண்டு. பேச வயர் கிடையாது.

வந்த தண்ணீரைக் கிடங்குக்குத் திருப்பினால் குளம் தப்பும். ஆனால் பூச்சி சாகிறதா என்று தெரிய ஒரு நாள் முழுக்கப் பாட்டில் வேண்டும். அதற்குள் வயர் முங்கிவிடும். குளத்துக்கே விட்டால் செத்த பூச்சியை இசக்கியிடம் எண்ணிச் சொல்லலாம், குளம் இருக்காது. குளத்தைக் காப்பாற்றினால் என் பேச்சுக்கு ஆதாரம் இல்லை. ஒன்றும் சாகவில்லையே, கிழவி எதற்கு வீட்டை முக்கினாள் என்பார்கள்.

எனக்கு ஐம்பத்தெட்டு. கிழவி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. நானே சொல்லிப் பார்த்தேன்.

ஆவணி 16, காலை 9:15

குடிலுக்கு மூட்டை தூக்கி முடிந்தது. அரிசி, பருப்பு, கருவாடு, நாற்பது நாளுக்கு. கையில் தூக்குகிற சின்னப் பெட்டியில் இதைச் சொல்கிறேன். பாட்டில்கள், ஒரு தலையணை. கட்டிலை விட்டுவிட்டேன்.

நாளைக்குத் தண்ணீரைக் கிடங்குக்குத் திருப்பப் போகிறேன் என்று இசக்கியிடம் சொன்னேன்.

"மயினி, நீங்க இப்ப சொன்னது எனக்குக் கேக்கல. வயர்ல ஒரே இரைச்சல்." அப்புறம் குரல் இறங்கியது. "சோத்த மொதல்ல தூக்கிட்டுப் போங்க. இன்னொண்ணு கேளுங்க. புதுத் தெரு வாசத்தப் பாத்து மேலத் தெருக்காரவளுக்கு வயிறு எரியுது. வர்ற இருவதாம் தேதி அவுகளுக்கு வெள்ளையடிச்சுக் குடிபோற முகூர்த்தம். முந்நூறு வீடு. கமிட்டி அவுகளுக்கும் கேனு குடுக்கப் போவுது."

நிறுத்தச் சொல்லு என்றேன்.

"நான் வயர்க்காரன் மயினி. சொல்லிப் பாக்கேன். செத்த பூச்சி எங்கன்னுதான் கேப்பாவ."

ஆவணி 17, காலை 5:50

வந்துவிட்டது. முதலில் வாசம். எலுமிச்சம்பழம். வடிவு சொன்னபோது அந்த வாசத்தை நான் எப்படி நினைத்தேனோ அப்படியே. மகள் வீட்டுப் பால்காய்ச்சு இன்றைக்குத்தான் எனக்கு.

பிறகு நுரை. குழாய் வாயில் மாவு பிசைந்து அப்பின மாதிரி.

நாலு பாட்டிலில் மொண்டுகொண்டு குளத்து ஷட்டரை இறக்கினேன். கிடங்கு ஷட்டரை ஏற்றினேன்.

ஆவணி 17, காலை 8:05

கிடங்கில் தண்ணீர் முழங்கால் அளவு இருக்கும்போது வயர்லைன் விளக்கு எரிந்தது. மஞ்சள் விளக்கு, அப்படியென்றால் வீட்டு அழைப்பு. வடிவு. நான் குளத்துப் பக்க வாசற்படியில், விளக்கு எதிர்ச்சுவரில். இருபது அடி. இறங்கியிருக்கலாம். அந்தத் தண்ணீர் காலில் பட்டால் என்ன ஆகும் என்று பயமில்லை. எடுத்தால் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. உன் வீடு நல்லா இருக்கா, தரை இன்னும் பளபளன்னு இருக்கா என்று கேட்டிருப்பேன். பதினாலு தடவை எரிந்து அணைந்தது. அப்புறம் எரியவில்லை.

ஆவணி 18, பகல் 2:00

வரத்துப் பாட்டில்: இருபதுக்குப் பூஜ்யம். நாலு பாட்டிலிலும் பூஜ்யம். குளத்துப் பாட்டில்: இருபதுக்கு இருபது.

செத்த தெள்ளு வெள்ளையாகிவிடுகிறது. முதுகில் குஞ்சுகளும் அப்படியே. மூடி இறுக்கி, மெழுகு வைத்து, குடில் பலகையில் அடுக்கியிருக்கிறேன். படிக்கிறவரே, இதுதான் தேவசகாயம் சார் கேட்டது.

ஆவணி 19, காலை 6:00

நுரை நின்றது. வாசம் போய்விட்டது. கிடங்கை மூடிக் குளத்தைத் திறந்தேன். மட்டம் அரைக் கோடு இறங்கியிருக்கிறது. பாசி பச்சை. குளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கிடங்கு நெற்றி வரை நிறைந்து நிற்கிறது.

ஆவணி 24, மாலை 6:10

தெள்ளு இருபது. யாரும் வரவில்லை. வரவும் மாட்டார்கள். இரண்டு வருஷம் முன்னால் வயர் அறுந்தபோதும் அடுத்த வண்டிக்குத்தான் பார்த்தார்கள். நாற்பது நாள். காற்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் என்னைப் பற்றி யாருக்கு நினைப்பு வரும்? நான் நன்றாக வேலை பார்க்கிறேன் என்பதுதான் தடையாக இருக்கிறது.

சத்தமாகப் பேசிப் பழகுகிறேன். பெட்டிக்குச் சொல்வது போதவில்லை. தெள்ளுகளுக்கு இசக்கி மாதிரிப் பேசிக் காட்டினேன். அவை தத்தின, எப்போதும் தத்துகிற மாதிரித்தான்.

ஆவணி 28, பகல் 12:00

இசக்கி நிறுத்தியிருப்பானா? நிறுத்தவில்லை என்றால் முப்பத்தொன்றாம் தேதி மேலத் தெரு இங்கே வரும். கிடங்கில் ஒரு செம்புக்குக்கூட இடமில்லை.

ஒரு வழி இருக்கிறது. இரண்டு ஷட்டரையும் இறக்கிவிடுவது. தண்ணீர் போக இடமில்லாமல் குழாயில் ஏறும். இப்போது குழாய் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் நிறைந்து ஓடுகிறது. மீதி நிரம்ப எட்டு நாள் ஆகும் என்று என் கணக்கு. நிரம்பினால் ஊரில் முதலில் எங்கே ஏறும்? பள்ளமான தெருவில். புதுத் தெரு.

இந்தக் குழாய் வாய்க்குச் சிமெண்டு பூசினது என் வீட்டுக்காரர் தங்கசாமி. இடது பக்கம் அவர் பூசினது, வலது பக்கம் மேஸ்திரி. அளவுக்கு மேல் சிமெண்டு போடுகிறார் என்று மேஸ்திரி தினமும் ஏசுவார். இவர் தலையாட்டிவிட்டு இன்னும் ஒரு கரண்டி போடுவார். அடுத்த குழாய் போடும்போது பாறை சரிந்து அதிலேயே போய்விட்டார். இந்தக் காவல் வேலையை நான் கேட்டு வாங்கினேன். இடது பக்கத்தில் அவர் கைரேகை இருக்கிறது, ஈரத்தில் ஊன்றினது.

ஆவணி 31, காலை 5:30

குழாய் வாயிலேயே படுத்திருந்தேன். வாசம் வராமல் இருந்தால் எதையும் தொடுவதில்லை என்று.

எலுமிச்சம்பழம்.

ஆவணி 31, காலை 5:45

ஒரு பாட்டில் மொண்டேன். இரண்டு ஷட்டரும் இறக்கியாச்சு. சின்னப் பெட்டியில் நேரம் பதிந்திருக்கும். இதைச் செய்தது நான்தான். இசக்கிமுத்துக்கு இதில் எதுவும் தெரியாது.

புரட்டாசி 1, காலை 7:00

பாட்டில் இருபதுக்குப் பூஜ்யம். குளத்தில் இருபது. குளத்து மட்டம் இறங்குகிறது. வரத்தில்லாமல் பதினைந்து நாள் தாங்கும்.

புரட்டாசி 4, மாலை 5:20

ஷட்டர் பேசுகிறது. முதலில் முனகல், இப்போது பல்லைக் கடிக்கிற சத்தம். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு நாளும் எதிர்க்கரையில் சத்தமே இல்லாமல் இருந்ததற்கு இது துணை மாதிரி இருக்கிறது.

புரட்டாசி 6, காலை 6:30

கீறல். மயிரிழைதான். வலது பக்கம், மேஸ்திரி பூசின பக்கம். அதிலிருந்து வாசம் வருகிறது. கந்தல், தலையணை உறை, மெழுகு எல்லாம் திணித்துப் பலகையை முட்டுக் கொடுத்திருக்கிறேன். முட்டுக்குப் பின்னால் முதுகைக் கொடுத்தால் நிற்கிறது. எடுத்தால் சீறுகிறது.

பாட்டில்கள் குடில் பலகையில், மேல் தட்டில். ஐந்து. சீட்டு ஒட்டவில்லை, எனக்கு எழுதத் தெரியாது. வெள்ளையாக இருப்பதுதான் செத்தது.

புரட்டாசி 8, காலை 9:00

எட்டாம் நாள். முதுகு மரத்துவிட்டது. பெட்டி மடியில்.

இந்நேரம் ஏறியிருக்கும். வடிவு குளியலறைச் சல்லடை வழியாக, அவள் முகம் பார்த்த தரையில். மூக்கைப் பொத்துவாள். கமிட்டியைத் திட்டுவாள். அப்புறம் குனிந்து பார்ப்பாள். பார்த்தால் தெரியும், இது எங்கிருந்து வருகிறது, அந்தக் கோடியில் யார் இருக்கிறார்கள் என்று.

முட்டு நகர்கிறது

வடிவு, தேவசகாயம் சாரைக் கூட்டிக்கொண்டு வா. கழுவிவிடாதே. எதையும் ஊற்றாதே. உன் வாசலில் நிற்பது அழுக்கு இல்லை. அம்மா பேசுகிறேன்.